எங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம்: ஒரு கிராணியின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தென்பகுதியில், மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறு பட்டணத்தில் கடைவீதி என்பது ஒரே ஒரு வரிசைதான். சீன மருந்துக் கடை, அடகுக் கடை, மோட்டார் சைக்கிள் பட்டறை, அதையடுத்து சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம். கடை முகப்பு நடைபாதையான அஞ்சடியில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறப்பதற்குள் அவற்றில் ஐந்திலாவது ஆள் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வயதானவர்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பிறப்புப் பத்திரமோ, மருத்துவமனைக் கடிதமோ, மின்கட்டண ரசீதோ இருக்கும்.

நான் தோட்டத்து அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதுவது, சம்பளக் கணக்குப் போடுவது, தோட்ட மேலாளரான துரைக்குக் கடிதம் தயாரிப்பது எல்லாம் என் வேலையாக இருந்தன. இன்றும் மனு எழுத வேண்டும் என்றால் ஊரார் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். அதனால் 2013 முதல் இந்த மையத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. உணவகத்தையும் துணிக்கடையையும் பற்றி எழுதுகிறோமே, நம்முடைய ஓட்டில் நடக்கும் இந்தக் கடையைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை என்று பல நாளாக நினைத்ததுண்டு. எங்கள் ஒய்.பி.க்கு (சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) இது மூன்றாவது தவணை. அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது ஒரு விதம். நான் அதை இந்த மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து பார்த்தவன்.

முதலில் பதிவுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கத்து மேசைமேல் அது இருக்கும். நீளமான, கெட்டி அட்டை போட்ட, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய புத்தகம். தோட்டத்தில் நாங்கள் பேரேட்டுக்குப் பயன்படுத்திய அதே வகை. ஏழு பத்திகள் கோடு போட்டிருப்பார்கள்: எண், தேதி, பெயர், விஷயம், யாருக்கு எழுதப்பட்டது, வந்த பதில், முடிவு. முடிந்த காரியத்துக்குக் கடைசிப் பத்தியில் பச்சை மையில் ஒரு குறி. முடியாது என்று ஆகிவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடும், பக்கத்தில் காரணமும் எழுதுவார்கள். எனக்கு அந்தச் சிவப்புக் கோடுகள்மீதுதான் மரியாதை அதிகம். சில கட்சி அலுவலகங்களில் மனுவை வாங்கி, தோளைத் தட்டி, பார்த்துக்கொள்வோம் என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பார்த்துக்கொள்வோம் என்ற சொல்லை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே முடியாததை முடியாது என்று எழுதிக் கையில் கொடுக்கிறார்கள்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரால் எது முடியும், எது முடியாது என்று நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லாமல் இந்த மையத்தை எடைபோடுவது நியாயமாகாது. குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, அரசு மருத்துவமனை, போலீஸ், தொழிலாளர் சட்டம் எல்லாம் கூட்டரசின் (மத்திய அரசின்) கையில் இருப்பவை. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். மாவட்ட மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. மாநில அரசுதான் அவர்களை நியமிக்கிறது. ஆகவே சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களில் நமக்கு மிக அருகில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர்தான். பேராக்கில் 59 பேர் இருக்கிறார்கள். சட்டமன்றம் ஓர் ஆண்டில் கூடுவது சில வாரங்கள்தான். மீதி நாட்களில் அவர்களுடைய பெயர் வாழ்வதும் கெடுவதும் இப்படிப்பட்ட அறைகளில்.

2013இல் எங்கள் ஒய்.பி. முதல்முறையாக வென்றபோது எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். ஆளும் தரப்புக்குக் கிடைத்த தொகுதி மானியம் அவருக்குக் கிடைக்கவில்லை. மையம் அப்போது பட்டறைக்கு மேல்மாடியில், ஒரே அறை, ஒரே மேசை. பகுதிநேரமாக ஒரு பெண் வேலை பார்த்தார். படிக்கட்டு செங்குத்தாக இருந்ததால், முட்டிவலிக்காரர்கள் கீழேயே நின்றுகொண்டு பேரப்பிள்ளைகளிடம் பத்திரத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒய்.பி. மேலே உட்கார்ந்திருந்தால் தானே இறங்கி வந்து, அஞ்சடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நடக்கும் சனிக்கிழமை மாலையில், பட்டறை மூடியபிறகு அந்த இடமே அலுவலகமாகிவிடும். எண்ணெய்க் கறை படிந்த தரையில் நின்றுகொண்டு அவர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அழைத்ததை நான் மறக்கவில்லை.

2018 மே மாதம் மாநில ஆட்சி மாறியது. மையம் கீழே வந்தது, இரண்டு ஊழியர்கள் வந்தார்கள், குளிர்சாதனம் வந்தது. 2020 மார்ச்சில் அந்த ஆட்சி போனது. அதே மாதம் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. மானியம் நின்றுபோன நேரமும் ஊர் முழுதும் வேலையின்றி உட்கார்ந்த நேரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அப்போது அரிசி மூட்டைகளை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசல்களில் இறக்கிவைத்ததையும், எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ என்று அதே பதிவுப் புத்தகத்தில் எழுதியதையும் கண்ணால் பார்த்தேன். 2022 நவம்பருக்குப் பிறகு மீண்டும் ஆளும் பக்கம். ஆக, ஒரே மனிதர் பத்தாண்டுக்குள் எதிர்ப்பக்கம், ஆளும் பக்கம், எதிர்ப்பக்கம், ஆளும் பக்கம் என்று நான்கு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டார். தன் கட்சியை விட்டு மட்டும் எழவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேராக்காரர்களுக்கு 2009 ஆறாத புண். சட்டமன்றத்தில் ஆளும் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் 31க்கு 28 என்றிருந்த கணக்கு, ஆளும் தரப்பிலிருந்து மூன்று பேர் விலகியதும் 28க்கு 31 என்று தலைகீழாகிவிட்டது. மக்கள் ஓட்டுப் போட்ட ஆட்சி ஓட்டே இல்லாமல் போனது. அந்த ஆண்டு மார்ச்சில் மாநிலத் தலைநகர் ஈப்போவில் ஒரு மரத்தடியில் சட்டமன்றம் கூடியதும், மே 7ஆம் தேதி அவைத் தலைவர் வி. சிவகுமார் அவையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டதும் இந்த மாநிலத்தில் நடந்தவை. அன்று மாலை தோட்டத்து அலுவலகத்தில் யாரும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டத்திருத்தம் 2022 அக்டோபரில்தான் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒருவரைத் தன் இடத்தில் இருத்தி வைத்தது அவருடைய மனச்சாட்சி ஒன்றுதான்.

இனி என் சொந்தக் காரியத்துக்கு வருகிறேன். இந்த மையத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பெரும்பகுதி இதிலிருந்து வருவது.

என் அக்கா 1954இல் பிறந்தவர். நான் 1958இல். ஒரே தாய், ஒரே லயம், ஒரே மருத்துவச்சி. எங்கள் பெற்றோர் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர்கள். சுதந்திர நாளான 1957 ஆகஸ்ட் 31 முதல், 1962 அக்டோபருக்கு முன்புவரை இம்மண்ணில் பிறந்தவர்கள் பிறந்த காரணத்தாலேயே குடிமக்கள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால் எனக்கு நீல அடையாள அட்டை தானாக வந்தது. அக்காவுக்கு அப்படி இல்லை. அவரைப்போல் வெளியிலிருந்து வந்த பெற்றோருக்குச் சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அக்காவுக்குக் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் சிவப்பு அட்டை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் என்ற சட்டம் அமலுக்கு வந்தபோது பக்கத்து லயத்தில் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். எங்கள் அப்பா போகவில்லை. அக்கா பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வெளிக்காட்டு வேலை செய்தார், பால் வெட்டினார், பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைச் சுமந்தார். அவர் வெட்டிய பாலுக்கு நான் கணக்கு எழுதினேன். நான் ஓட்டுப் போடப் போகும் நாளில் அவர் எனக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பார்.

2014இல் அவருடைய காரியத்தை மேல்மாடிக்குக் கொண்டுபோனேன். ஒய்.பி. முதலிலேயே சொன்னார்: “ஐயா, இது மாநிலத்தின் கையில் இல்லை. உள்துறை அமைச்சுதான் முடிவு செய்யும். நான் கடிதம் எழுதலாம், கோப்பைச் சரியாகக் கட்டித் தரலாம். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.” எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஓட்டுக் கேட்டு வரும்போது இப்படிப் பேசுவார்களா என்று நினைத்தேன். ஆனால் கோப்பைக் கட்டியவர்கள் அவர்கள்தான். பிறப்புப் பத்திரம் கிடையாது. இந்த நாட்டில்தான் பிறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? தோட்டம் கைமாறியபோது பழைய காகிதங்களைக் கொளுத்தினார்கள். அந்த நாளில் நான் இரண்டு செக்ரோல் புத்தகங்களை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். எழுதிய கைகள்மேல் இருந்த பாசம், வேறு காரணம் இல்லை. அதில் ஒன்று 1954ஆம் ஆண்டுடையது. மையத்துப் பெண் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கரையான் அரித்த ஓரங்களை விரல் நகத்தால் மெல்லத் தூக்கி, அடியில் வெள்ளைத் தாளை நுழைத்து வரிகளைப் பார்த்தார். எங்கள் அம்மாவின் பெயருக்கு நேரே, அன்றாடம் விழும் வருகைக் குறிகள் ஓரிடத்தில் நின்று, அந்தக் கட்டங்களுக்குக் குறுக்கே பென்சிலில் பிரசவம் என்று எழுதியிருந்தது. எனக்கு முன் இருந்த யாரோ ஒரு கிராணியின் சாய்ந்த எழுத்து. அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி அந்தப் பெண் சற்று நேரம் எடுக்கவே இல்லை. அதன் நகல், லயத்தில் உயிரோடு இருந்த இரண்டு மூதாட்டிகளின் சத்தியப் பிரமாணம், ஒய்.பி.யின் ஆதரவுக் கடிதம் எல்லாம் சேர்ந்து கோப்பு கனத்தது.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பதிவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. மையத்திலிருந்தே எங்களை அழைத்து மறுபடி போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை அக்காவை நேர்காணலுக்கு அழைத்தார்கள். மலாயில் கேள்வி கேட்டார்கள். அறுபது ஆண்டு மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் சந்தையில் பேசிப் பழகியவர் மடமடவென்று பதில் சொல்லிவிட்டார். அதன் பிறகும் காத்திருப்பு. 2021இல் கடிதம் வந்தது. உறுதிமொழி எடுத்து, நீல அட்டையை வாங்கியபோது அவருக்கு வயது 67. அந்த ஆண்டு டிசம்பரில் வாக்காளர் பதிவு தானாக நடக்கும் முறை வந்ததால் அதற்கென்று தனியாக அலைய வேண்டியிருக்கவில்லை.

2022 நவம்பர் 19. தமிழ்ப்பள்ளியில் வாக்குச்சாவடி. பேராக்கில் அன்று நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகள். அக்காவின் இடது ஆள்காட்டி விரலில் மை தடவும்போது, பால் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்த விரலை நிமிர்த்த முடியாமல் அவர் மறுகையால் பிடித்துக் கொடுத்தார். மை அழியும்வரை அந்தக் கையால் பாத்திரம் தேய்க்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். அவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. இந்தக் காரியத்தில் முடிவு செய்தது கூட்டரசு, மாநிலம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏழு ஆண்டு அந்தக் கோப்பைக் கைவிடாமல் வைத்திருந்தது ஆட்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்திருந்த இந்த அறை.

நாற்காலி, குளிர்சாதனம், கழிப்பறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். நகலெடுக்கப் பணம் வாங்குவதில்லை.

குறைகளைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. மூன்றாவது தவணையில் ஒய்.பி. ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நடந்த சந்திப்பு மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று ஆகிவிட்டது, அதுவும் சில மாதம் தவறிப்போகிறது. தமிழ் பேசும் ஊழியர் சென்ற ஆண்டு வேறு வேலைக்குப் போனபிறகு ஐந்து மாதம் அந்த இடத்தில் ஆள் போடவில்லை. விண்ணப்பப் பாரங்கள் மலாயில் மட்டும் இருக்கின்றன. செம்பனைக் குலை வெட்டுகிறவர் வேலை முடிந்து குளித்துக் கிளம்ப நாலு மணி ஆகிவிடும். ஐந்துக்குக் கதவை மூடினால் அவர் எப்போது வருவது? ஒரு நாளாவது எட்டு மணிவரை திறந்துவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. நான் வேலை பார்த்த தோட்டத்தின் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். அந்தப் பகுதியில்தான் எங்கள் இடுகாடு இருக்கிறது. என் அப்பா, அம்மா, அவர்களோடு பால் வெட்டிய ஒரு தலைமுறை முழுதும் அங்கே படுத்திருக்கிறது. சிமெண்டு கட்டிய கல்லறைகள் சில, மற்றவை வெறும் மண்மேடுகள். மேட்டுக்கு அடையாளமாகச் சிலர் ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். இங்கேதான் சட்டமன்ற உறுப்பினரின் உண்மையான பலம் இருக்கிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கொடுக்கும்போது இடுகாட்டுத் துண்டை அரசிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம், பிறகு அதைப் பொதுத் தேவைக்கான ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் வெளியிடலாம். மானியமும் அரிசி மூட்டையும் யாரும் கொடுக்கலாம். இதை மாநிலம் மட்டுமே செய்ய முடியும். ஒப்புதல் கையெழுத்தாகிவிட்டால் பிறகு பிடிப்பதற்குக் கயிறே இல்லை.

ஒய்.பி.க்கு இது தெரியாததல்ல. 2019இல் மையம் ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஈப்போவுக்குப் போய், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். தோட்டங்கள் விற்கப்படும்போது இடுகாடுகளும் கோயில்களும் என்னவாகின்றன என்று அவர் எழுந்து கேட்டார். மூன்று நிமிடம்கூட இருக்காது. பதிலைத் தாளிலிருந்து படித்தார்கள். ஆனால் எங்கள் லயத்துக் கவலை அந்த மண்டபத்தில் ஒலித்ததைக் கேட்டபோது, இத்தனை ஆண்டு கடிதம் எழுதிய என் கைக்கு அதுவே போதும் என்று அன்று தோன்றியது. இன்று போதாது என்று தோன்றுகிறது. அப்போது பொதுவாகக் கேட்டவர், இப்போது எங்கள் ஒன்றேகால் ஏக்கருக்காக நில அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

மார்ச்சில் மனு கொடுத்தேன். எல்லை அளந்து, கல்லறைகளை எண்ணி, கையால் வரைந்த படத்தோடு கொடுத்தேன். ஜூலையில் போய்ப் பதிவுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். எண் இருந்தது, தேதி இருந்தது, என் பெயர் இருந்தது. யாருக்கு எழுதப்பட்டது என்ற பத்தி வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டில் அந்தப் புத்தகத்தில் நான் கண்ட முதல் வெறுமை. இடையில் தமிழ் ஊழியர் இல்லாத மாதங்களில் என் மனு ஒரு கோப்புக்கு அடியில் போய்விட்டதாகச் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கும் தம்பி என் எதிரிலேயே கடிதத்தைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, நில அலுவலகத்துக்கு அனுப்பினார். மன்னிப்பும் கேட்டார். நல்ல பிள்ளை. ஆனால் நான்கு மாதம் போனது போனதுதான், அதற்குள் வடக்கு ஓரத்தில் மண்வாரி இயந்திரம் வந்து பாதை போட்டுவிட்டது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை இடுகாட்டு ஒதுக்கீடு அரசிதழில் வரும் அன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கள் காலையில் கூட்டம் அதிகம், புதன் பிற்பகல் நல்லது. அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள். பதிவு எண்ணைத் துண்டுத் தாளில் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். மூன்று வாரம் கழித்துப் போய், ஐந்தாவது பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்னையும் அழைத்துக்கொண்டு போகலாம். பட்டறைக்கு எதிர்ச்சந்தில், செம்பருத்திச் செடி நிற்கும் வீடு. வரும் முதல் சனிக்கிழமை ஒய்.பி. வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவும் நானும் நான்கு மணிக்கே போய் உட்காரப் போகிறோம்.